இரண்டாம் பக்கத்து வரி

லிந்துலை,
21.09.2008

என் அன்பு அத்தானுக்கு,

யோகேஸ்வரி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். அந்தக் கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாய் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே, என்னவோ ஏதோ என்று பதறாதீர்கள். ஹமீத் நானாவின் கொமியுனிகேசன் கடைக்கு நீங்கள் போன் எடுத்தால் என் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்வீர்கள், அதற்குள் கார்டு முடிந்துவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாமல் வாசிக்கத்தான் வேண்டும்.

இங்கே பத்து நாளாக விடாத மழை. அடுப்படிப் பக்கம் ஒழுகிய தகரத்தை முத்துலிங்கம் அண்ணன் வந்து மாற்றிக் கொடுத்தார். கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய டோர்ச் லைட் ஒன்றரை வருடமாக நின்று எரிகிறதாம், நீங்கள் எழுதியதைப் பார்த்து வாங்கியதாம், அதற்கு இது சரியாய்ப் போச்சு என்றார். நிரோஷினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்களோடு போனில் பேசவே வெட்கப்படுகிறாள். போன வாரம் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது அதனால்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வலைப்பூவுக்கு ‘வாங்கிப் பார்த்தேன்’ என்று பெயர் வைத்தபோது, இது என்ன பெயர், கடைப் பில் மாதிரி இருக்கிறதே என்று நான் கேலி செய்தேன். ஆனால் அந்தப் பெயரைத்தான் இங்கே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். முதல் முதலில் குடையைப் பற்றி எழுதினீர்களே, இரண்டாம் நாள் காற்றிலேயே கம்பி திரும்பிக்கொண்டது, நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாறாதீர்கள் என்று. அதைப் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நான் வாசித்தபோது, பால் கொடுக்க வந்திருந்த தாய்மார் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரைஸ் குக்கர். சாமான் நல்ல சாமான்தான், ஆனால் நம் லயத்துக் கரண்டுக்குத் தாங்காது, காசைக் கொட்டாதீர்கள் என்று எழுதினீர்கள். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் சொல்லுகிற ஆள் என்று அன்றைக்கே உங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்கிற பிள்ளைகள் போன் எடுத்து என்ன அனுப்ப என்று கேட்டால், இங்கே தாய்மார் என்னிடம் ஓடி வருவார்கள். ஆயாம்மா, சிவசாமி தம்பி அதப்பத்தி எழுதியிருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க என்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. மறைப்பானேன்.

மாதத்துக்கு இரண்டு தடவை ஹமீத் நானாவின் கடையில் நீங்கள் எழுதியதைக் கடதாசியில் அடித்து எடுத்து வருவேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே வாசிப்பேன். பிறகு சுவரில் ஒட்டிவிடுவேன்.

ஜூன் மாதம் நீங்கள் எழுதிய கரண்டுப் பட்டையையும் அப்படித்தான் வாசித்தேன். முழங்காலில் சுற்றிக் கட்டினால் சூடு ஏறி, முப்பது நாளில் வலி போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். மலை ஏறி இறங்குகிறவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னால் கேட்கவா வேண்டும். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா மூன்றாம் தடவையும் கேட்டார். இருபத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த கால் அது. இப்போதெல்லாம் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறார்.

குவைத்தில் இருக்கிற அவருடைய மகள் தன் சம்பளத்தில் பட்டையை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் அக்கா வேலை விட்டு வந்து, குளித்து, பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அசதியில் அப்படியே கண் அசந்துவிட்டார். சூடு அளவுக்கு மேல் போனால் அது தானாக நின்றுவிடும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா. அது நிற்கவில்லை. அவர் அலறிய சத்தம் கேட்டு ஓடினேன். பட்டையை அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. என் கையால்தான் அவிழ்த்தேன், அத்தான். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

பயப்படாதீர்கள், இப்போது புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். பதினான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. நான்தான் காலையும் மாலையும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்ன சொன்னார் தெரியுமா. “நாந்தான் தப்பா கட்டிட்டேன் போல யோகு. தம்பி எழுதினது தப்பா இருக்காது” என்றார். கஞ்சிக் கோப்பையோடு வெளியே வந்து நின்று அழுதேன்.

அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நீங்கள் கட்டிப் பார்க்காமல் எழுதுவீர்களா, கட்டிப் பார்த்திருந்தால் எப்படி இப்படி எழுதினீர்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாளே மழையோடு மழையாக ஹமீத் நானாவின் கடைக்குப் போனேன். பாவம், அவர் நோன்பு. களைப்போடு களைப்பாக அந்த ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து உருட்டத் தெரியாமல் உருட்டி, முதல் தடவையாக அடிவரைக்கும் வாசித்தேன்.

அடியில் இருந்தது. இந்தப் பட்டை நான் வேலை செய்யும் கடையில் விற்பது, முதலாளி கேட்டதால் எழுதினேன், நான் கட்டிப் பார்க்கவில்லை என்று ஒரே வரியில், சின்ன எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

என் சுவரில் அந்த வரி இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கம் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய். இரண்டாம் பக்கத்தில் எப்போதும் அருமை, தொடருங்கள், வாழ்த்துக்கள் என்று மற்றவர்கள் எழுதியதுதான் இருக்கும். அதற்கு எதற்குக் காசு என்று, முதல் பக்கம் மட்டும் போதும் நானா என்று இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தவள் நான்தான். ஹமீத் நானாவும் முகம் சுருங்கிப் போனார். “நீங்க கேட்ட அளவுதான் தங்கச்சி அடிச்சித் தந்தன். கீழ என்ன இருக்கிண்டு நானும் பாக்கல்ல” என்றார். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வருகிற வழி முழுக்க என்னையே ஏசிக்கொண்டு வந்தேன். பாலத்தடிக்கு வந்ததும் மறுபடியும் உங்கள் மேல் கோபம் வந்தது. குடையைப் பற்றி எழுதியபோது கம்பி திரும்பியதை முதல் வரியிலேயே எழுதினீர்களே. இதை மட்டும் ஏன் அடியில் கொண்டுபோய் வைத்தீர்கள்? யாரும் அதுவரை வாசிக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வைத்தீர்கள். உங்களை எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க மனசு வராது, சொல்லவும் தைரியம் வராது.

ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம். கடைச் சாமானைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தீபாவளிக்கு முதலாளி டிக்கட் போட்டுத் தருவாராம் என்று மே மாதம் நீங்கள் சொன்னபோது, எழுதுங்கள் எழுதுங்கள் என்று குதித்தவள் நான். எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடம் ஆச்சு அத்தான் உங்களைப் பார்த்து. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளைக் காம்பராவில் எல்லோரும் வந்திருந்த நேரம் பார்த்து இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். முதலாளியைப் பற்றிச் சொன்னேன், டிக்கட்டைப் பற்றியும் சொன்னேன். பக்கத்தை வெட்டியது நான்தான் என்றும் சொன்னேன். கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்த நாகலெட்சுமி அக்கா மட்டும், “அப்ப தம்பி கட்டிப் பாக்கலயா?” என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார். நேற்று நீங்கள் புதிதாகச் சுடுதண்ணிப் போத்தலைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொண்டு போனேன். இப்ப நேரமில்ல ஆயாம்மா, பெறகு பாப்போம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

இதில் இன்னும் ஒரு அவசரம் இருக்கிறது. பொன்னையா மாமாவின் மனைவியும், மேல்மலை லயத்தில் இரண்டு பேரும் பட்டைக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்த் தடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் எழுத்து லிந்துலையோடு நிற்பதில்லையே. தலவாக்கலையில் வாசிக்கிறார்கள், ஹட்டனில் வாசிக்கிறார்கள், அங்கே இருந்து யார் யாருக்கோ போன் போகிறது. தீபாவளிக்கு எத்தனை பெட்டியில் அந்தப் பட்டை வரப் போகிறதோ தெரியாது. நான் எத்தனை பேர் வீட்டுக் கதவைத் தட்டுவேன், நீங்கள்தான் எழுத வேண்டும்.

அந்தப் பக்கத்தை அழித்துவிடாதீர்கள். அழித்தால் ஏற்கெனவே வாசித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். அதற்கு மேலே, முதல் வரியில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். நான் கட்டிப் பார்க்காமல் எழுதினேன், டிக்கட்டுக்காக எழுதினேன், எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கால் வெந்துபோனது, வாங்காதீர்கள் என்று எழுதுங்கள். நாகலெட்சுமி அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதமும் போடுங்கள். மன்னிப்பை மட்டும் என் வாயால் கேட்கச் சொல்லாதீர்கள்.

முதலாளிக்குக் கோபம் வரும், டிக்கட் போகும், எனக்குத் தெரியும். வேலைக்கே ஏதும் ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் எந்த வருடம் வந்தாலும், அக்காவின் வாசலைத் தாண்டித்தான் நம் வீட்டுக்குள் வர வேண்டும். அந்த வாசலில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். தீபாவளிக்கு அப்பா வரமாட்டார் என்று நிரோஷினியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அழுதாள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள், பிறகு நான் ஊட்டிவிடச் சாப்பிட்டாள். காலையில் எழுந்து, அப்ப தைப்பொங்கலுக்கு வருவாங்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவீர்கள், அந்தத் தயக்கத்திலேயே எழுதாமல் விட்டுவிடுவீர்கள் என்றுதான் நானே சொல்லி முடித்தேன். இனி உங்கள் கையைப் பிடித்து இழுக்க இங்கே யாரும் இல்லை. எழுதுங்கள், அத்தான். நாங்கள் காத்திருப்போம்.

மாரியம்மன் துணை இருப்பாள்.

உங்கள்,
யோகு