சனிக்கிழமை ஆறு மணிக்கு நீ எங்கே இருந்தாய்?

அன்பு மாப்ள ஆரோக்கியம்,

நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. கல்லூரியில் ஒரே பெஞ்ச், அப்புறம் ஒரே கம்பெனி, ஒரே டீம். பதினான்கு வருடத்தில் உனக்குக் கடிதம் எழுத வேண்டி வந்ததே இல்லை. இது உன்னைத் திட்டவா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கவா என்பது எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்.

நாம் செய்த மருந்துக்கடை சாஃப்ட்வேர் ஞாபகம் இருக்கிறதா? காலாவதியான மருந்தைத் திரையில் சிவப்பாகக் காட்ட வேண்டும். போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கடையில் அது காட்டவில்லை. கடைக்காரர் பழக்கத்தில் பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பார்த்ததால் ஒரு குழந்தை தப்பித்தது. தோண்டிப் பார்த்தோம். நீ இறப்பதற்கு முந்தைய மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு பத்துக்கு, சோதித்துப் பார்க்காமல் அவசரமாக ஏற்றிய ஒரு மாற்றம்தான் காரணம். ஏற்றியவர் பெயர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது.

டீம் லீட் பிரகாஷ் அறிக்கை எழுதினார். ‘மறைந்த ஊழியர் ஒருவரின் தவறு’ என்று ஒரே வரி. மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த வரி எழுதப்பட்ட வேகம் பிடிக்கவில்லை. பதில் சொல்ல முடியாதவன் மேல் போட்டுவிட்டால் எல்லோருக்கும் வசதி, இல்லையா?

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் நீ லேப்டாப்பைத் தொடமாட்டாய். அவனியாபுரத்தில் உங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆறு மணிக்குப் பயிற்சி, நீ கீபோர்டு. சர்வர் விழுந்த அன்றுகூடப் போனை எடுக்காதவன் நீ. அப்படியென்றால் ஆறு பத்துக்கு உன் பெயரில் உட்கார்ந்தது யார்? உன் பாஸ்வேர்டு பாதி டீமுக்குத் தெரியும். ஒரு வாரம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரகாஷ் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்று தோன்றியது. அதற்கு முன்னால் பார்த்துப் பேசினாரா என்றால் அதுவும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நீ பயிற்சியில் இருந்தாய் என்று ஒருவர் சொன்னால் போதும் என்று நினைத்துக் கோயிலுக்குப் போனேன். குழுவை நடத்தும் ஜெயராணி டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஆரோக்கியம் அன்னைக்கு வரலையே தம்பி. கடைசி ரெண்டு மாசமாவே வரல. ஆபீஸ்ல வேலைன்னு சொன்னாரு.”

ஆபீஸில் பயிற்சி என்றாய், பயிற்சியில் ஆபீஸ் என்றாய். வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் வரும்வரை உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். வேறு கம்பெனிக்கு வேலை பார்த்தாயா? வேறு ஏதாவது உறவா? அந்தத் தப்பு மாற்றத்தை நீயே செய்தாயா? எம்புட்டுப் பழகியிருந்தாலும் உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லாவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரியாமல் பொதுவாக ஆரம்பித்தேன்.

“சனிக்கிழமையானா பாட்டுக்குத்தானேம்மா போவான்?”

அவள் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். இதய மருத்துவரின் சீட்டுகள்.

“அவரு அங்க போகலைன்னு மூணாவது வாரமே எனக்குத் தெரியும்ணே. வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சு வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இதுதான் இருந்துச்சு.”

“நீ கேக்கலையா?”

“அவரா சொல்லட்டும்னு இருந்தேன். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டுச் சொல்லலாம்னு அவரு இருந்திருப்பாரு போல. ரெண்டு பேரும் அப்படியே இருந்துட்டோம்.”

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அந்தச் சனிக்கிழமை எடுத்த எக்கோ படம் இருந்தது. மேல் ஓரத்தில் நேரம் அச்சாகியிருந்தது: ஆறு மணி எட்டு நிமிடம். நம் சாஃப்ட்வேர் உன் பெயரை எழுதிக்கொண்ட நேரத்தில் நீ சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிலில் படுத்திருந்தாய்.

அப்போதுதான் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தாளைக் காட்டினால் நீ மறைத்தது நான்கு பேருக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன்.

“அவரு மறைச்சது தெரியட்டும். நான் பேசாம இருந்தது தெரியட்டும். அவரு தப்புப் பண்ணலைங்கறதும் தெரியணும்ல. கொண்டு போங்கண்ணே” என்றாள்.

பிரகாஷ் அந்தத் தாளை வாங்கி, மேல் ஓரத்து நேரத்தைப் பார்த்தார். “கஸ்டமர் நெருக்குனாரு சரவணன். என் லாகின் அன்னைக்கு வேலை செய்யல. அவன் பேர்ல நான்தான் போட்டேன்.”

“அறிக்கைலயும் அவன் பேர்ல ஏன் போட்டீங்க?”

“வீட்ல ரெண்டு பிள்ளைக இருக்கு.”

“அவனுக்கும் ஒண்ணு இருக்குண்ணே.”

அறிக்கையை அவரே மாற்றி, தன் பெயரைப் போட்டு அனுப்பினார். இப்போது வேறு டீமில் இருக்கிறார். வழியில் பார்த்தால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகத்தோடு இரண்டு தடவை பார்க்கிறேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை மாப்ள. உன் பெயரில் அவர் ஏற்றியது உனக்குத் தெரியுமா? தெரிந்தும் உடம்பு முடியாமல் விட்டுவிட்டாயா?

இதையெல்லாம்விட, நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாள் நடந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. லிஃப்ட் ஓடாத அன்று மாடி ஏறி வந்து சுவரில் கை வைத்து நின்றாய். “என்னடா இப்படி மூச்சு வாங்குது?” என்றேன். “ஒண்ணுமில்ல மாப்ள, தொப்பை” என்றாய். நான் சிரித்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அத்தனை பேரைச் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பினேன்.

இனி ஸ்டெல்லாவோ உன் மகளோ “ஒண்ணுமில்ல” என்று சொன்னால் அதை நம்பிக் கிளம்பமாட்டேன். உட்கார்ந்து, திரும்பக் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காத உன் உடன்பிறப்பு,
சரவணன்