பாலம் மூடியிருந்தபோது பேசிய வாடகை

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா எடுக்கப்போகும் ஐஸ்கிரீம் பிரான்சைஸுக்குக் கடை கிடைத்துவிட்டது. என் பள்ளி பஸ் இப்போது சுற்றிப் போகும் தெருவில்தான். அப்பாவுக்கு அந்தப் பக்கம் புதிது. ஒரு வாரம் எதிரில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணி, இந்தக் கூட்டத்துக்கு இந்த வாடகை தாங்கும் என்று மூன்று வருடத்துக்குப் பேசிவிட்டார். நடுவில் காலி செய்தால் முன்பணம் திரும்பாது. வேலையை விட்டபோது வந்த பணம் மொத்தமும் அதுதான்.

ஆனால் அது ஆற்றுப்பாலத்தை மூடியதால் சுற்றி வருகிற கூட்டம், அக்கா. திங்கட்கிழமை பாலம் திறக்கிறது.

"பாலம் திறந்தா என் பஸ்கூட அந்தத் தெருவுக்கு வராதுப்பா" என்று மெல்லச் சொன்னேன்.

"மகாராணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஐஸ்கிரீம் வேணுமாம். நடந்து வா, தினம் ஒரு கோன் தர்றேன்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று. அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக் காலை ஒப்பந்தம். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என் பேனாதான் ராசி, கையெழுத்துப் போட அதைத் தா என்று கேட்டிருக்கிறார். அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம் தீர்ந்துவிட்டது, மை தீரவில்லை.

உன்
வாலு