ஊர் எல்லைக்கு அப்பால் ஒரு பர்கர்

பிப்ரவரி 8, ஞாயிறு

நரிக்குடியில் விவசாயிகள் சங்கக் கூட்டம் மதியமே முடிந்துவிட்டது. மிளகாய்க்குக் காப்பீட்டுத் தொகை வரவில்லை என்பதுதான் இந்த வருடமும் செய்தி. மரத்தடியில் நின்றே போனில் அடித்துப் பேப்பருக்கு அனுப்பினேன். அருப்புக்கோட்டைக்குத் திரும்பாமல் வண்டியை வீரசோழனுக்கு விட்டேன். ஜமால் மைதீன் கடை.

ஜமால் ஷார்ஜாவில் பர்கர் கடையில் வேலை பார்த்தவன். ஊருக்கு வந்து பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் நாலு மேஜை போட்டிருக்கிறான். பன் அவன் மனைவி ஷர்மிளா பானு வீட்டில் சுடுவது. கொத்துக்கறியை உருட்டிச் சூடான கல்லில் வைத்து, தட்டைக் கரண்டியால் ஒரே அழுத்து. ஓரம் முறுகி, நடுவில் சாறு நிற்கும்போதே எடுத்துவிடுவான். உருளைக்கிழங்கை ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு, மறுபடி பொரிக்கிறான். கடித்தால் சத்தம் வருகிறது.

கம்பை முளைகட்டி, வறுத்து, இஞ்சியோடு காய்ச்சி, சோடா கலந்து ஒரு பானமும் வைத்திருக்கிறான். கறுப்பாக, நுரைகட்டி, லேசான கசப்போடு. போதை கிடையாது. ஊரில் ஜமால் பீர் என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

நிஜமான பீரை ஜனவரியில் பெங்களூரில் குடித்தேன். மகன் நவநீதன் கூட்டிப்போன இடத்தில் அவர்களே காய்ச்சுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் செம்பு அண்டாக்கள். மகனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தது அதுதான் முதல் தடவை. "அம்மாட்ட சொல்லிறாதீகப்பா" என்றான். சொல்லவில்லை. அந்த நேரம் சரஸ்வதி அவன் வீட்டில் மருமகள் பிரவீணாவுக்கு வாய்க்கசப்புக்காக ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டியாயிற்று, திருவிழா நாளை அறிவித்துவிட்டார்கள். இன்றிலிருந்து பொங்கல் முடியும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. எல்லா வருடமும் உள்ளதுதான்.

இந்த வருடம் கூடுதலாக ஒன்று. சரஸ்வதி அக்கினிச்சட்டி எடுக்கிறாள். பிரவீணாவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இது ஆறு மாதம் தாண்டியிருக்கிறது. நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள். சட்டி எடுப்பவருடைய வீடு முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும். வீடென்றால் இப்போது அவளும் நானும்தான்.

"வெளிய போற ஆளு நீங்க. கவனமா இருக்கணும்" என்றாள்.

இருப்பேன் என்றேன்.

மார்ச் 19, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

வீரசோழனில் நோன்பு திறக்கும் நேரத்துக் கடைத்தெரு பற்றி ஒரு படமும் நாலு பத்தியும் கேட்டிருந்தார்கள். படம் எடுத்து முடித்தபோது பசி. ஜமால் கடையில் கல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனை.

"அண்ணாச்சி, உங்க ஊர்ல சாட்டியாச்சுல்ல?" என்று அவனே கேட்டான்.

"அது ஊர் எல்லைக்குள்ளதான் தம்பி" என்றேன்.

இதை எங்கிருந்து பிடித்தேன்? கொடி ஏறிய பிறகு ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைத் தலைகீழாகத் திருப்பி, எல்லை தாண்டினால் கட்டுப்பாடே இல்லை என்று நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு வாதத்தை எந்த அதிகாரியாவது சொல்லியிருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு அவமானப்படுத்தியிருப்பேன்.

ஒரு பர்கர், ஒரு தட்டு பிரைஸ், கம்பு பீர். நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

திருச்சுழி பஸ் நிலையக் குழாயில் வாய் கொப்பளித்தேன். வீட்டுக்கு வந்ததும் குளித்து, சட்டையை நானே துவைத்துக் கொடியில் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் துவைத்த முதல் சட்டை. சரஸ்வதி கொடியைப் பார்த்தாள். 

மார்ச் 24, செவ்வாய்

மறுபடியும். செவ்வாய்க்கிழமை வேறு.

மார்ச் 28, சனி

காலையில் நவநீதன் போன். பிரவீணாவுக்கு ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சரஸ்வதி போனை வைத்துவிட்டு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் எங்கயோ தப்பியிருக்கேன்."

"நீ என்ன தப்புன?"

"அன்னைக்கி எதுத்த வீட்டுச் சுகந்தி, அவுக வீட்ல வெரதம் கெடையாதுல்ல, மீன் சட்டி கழுவி வாசல்ல ஊத்துனா. அந்தத் தண்ணிய மிதிச்சிட்டுதான் பூப்பறிக்கப் போனேன். கால் கழுவினனா இல்லையான்னு ஞாவகம் வரமாட்டேங்குது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? முடியும். சொல்லவில்லை.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. கசிவுக்கு டாக்டர்கள் சொல்லும் காரணம் ஒன்று இருக்கும், அதற்கும் வீரசோழனுக்கும் சம்பந்தம் இல்லை. முப்பது வருடமாக உறுதிப்படாத செய்தியை எழுதாத ஆள் நான். அப்படியானால் மார்ச் 19, 24 என்று பழைய பக்கங்களை ஏன் புரட்டிப் பார்க்கிறேன்?

மார்ச் 29, ஞாயிறு

தப்புக்குப் பரிகாரமாகச் சரஸ்வதி மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். விரதத்தில் காலைச் சாப்பாடு ஏற்கெனவே இல்லை, இனிப் பொங்கல்வரை ராத்திரி ஒருவேளை மட்டும். அவளுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போடுகிற ஆள்.

"சுகருக்கு இது ஆகாது" என்றேன்.

"ஆத்தாளுக்குத் தெரியாத சுகரா" என்றாள்.

எனக்கு மட்டும் இலை போட்டுப் பரிமாறினாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டேன். சாப்பிட்டேனே!

ஏப்ரல் 1, புதன்

பிரவீணா வீட்டுக்கு வந்துவிட்டாள். பரவாயில்லை என்கிறான் நவநீதன். சரஸ்வதி மதியச் சாப்பாட்டை மறுபடி தொடங்குவாள் என்று நினைத்தேன். "விட்டதாலதான் வீட்டுக்கு வந்திருக்கா" என்கிறாள். 

ஏப்ரல் 2, வியாழன்

தண்ணீர்க் குடத்தோடு முற்றத்தில் சரிந்துவிட்டாள். சுகந்திதான் ஓடி வந்து தாங்கிப் பிடித்து, சர்க்கரையை நாக்கில் வைத்தாளாம். நான் தாலுகா அலுவலகத்தில் ஒரு பேட்டிக்காக உட்கார்ந்திருந்தேன்.

"பாவம், நல்ல பிள்ள. அவளப் போயி மீன் தண்ணியால மனசுக்குள்ள ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றாள் சரஸ்வதி.

ஏப்ரல் 3, வெள்ளி

வீரசோழன் போனேன். வேலை ஒன்றும் இல்லை. சாப்பிடவும் இல்லை. ஜமால் கறியை எடுத்து உருட்டப் போனான். வேண்டாம் என்றேன்.

"என்ன அண்ணாச்சி, எல்லைய நகத்தி வச்சிட்டாகளா?" என்று சிரித்தான்.

சொன்னேன். சட்டி எடுப்பது, பிரவீணா, மதியப் பட்டினி, குடத்தோடு விழுந்தது, எல்லாம்.

அவன் கையைக் கழுவினான். துண்டில் துடைத்தான். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மதினி சட்டி எடுக்குறாகன்னு ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"அடுப்ப அமத்திட்டுப் போங்கன்னுருப்பேன். நோன்பு மாசத்துல வேற உங்களுக்கு ஆக்கிப் போட்டேன். இப்ப அந்தப் பாவம் யாரு கணக்குல?"

"உன் கணக்குல இல்ல, தம்பி."

"அத நீங்க எப்படிச் சொல்றீக? பேப்பர்ல போட்ருக்கா?"

உள்ளே இருந்து ஷர்மிளா பானு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஜமால் குரலைத் தணித்துக்கொண்டான்.

"போயிச் சொல்லிருங்க. இல்லன்னா நானே பஸ் ஏறி வாரேன்."

வருகிற ஆள்தான் அவன்.

ஏப்ரல் 4, சனி

சொல்லிவிட்டேன்.

மதியம் இலை போட வந்தாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். இரண்டு தடவை. வீரசோழனில். கொத்துக்கறி. சாட்டிய பிறகு. பெங்களூர் பீரையும் சொன்னேன். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. நவநீதனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இலையைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்தாள்.

"அப்ப நான் இல்லையா" என்றாள்.

இன்னொரு தடவை, "நான் இல்லையா."

அப்போதுதான் அழுதாள். ஒரு வாரமாக அவள் எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு அந்த இலையைத் தனக்குப் போட்டாள். சோறு வைத்தாள். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்: "மீன் கழுவுன தண்ணிய மிதிச்சேன்னு நான் சாகக் கெடந்தேன். பாத்துக்கிட்டே எப்படிங்க சாப்புட்டீக?"

 

ஏப்ரல் 5, ஞாயிறு

பேச்சு இல்லை. சாப்பாடு அடுப்படி மேடையில் மூடி வைத்திருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

பூசாரியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். மஞ்சள் தண்ணீரால் வீட்டைக் கழுவி, என் தலையிலும் ஊற்றினாள். குளிர்ந்தது. சட்டியை நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"நேந்தவ நானு. நீங்க எடுத்து என்ன ஆகப்போகுது?"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"தண்ணி ஊத்துங்க. என் காலுக்கு முன்னால தரை காயாம வரணும். போட்டா எடுக்குறேன், பேட்டி எடுக்குறேன்னு ஒதுங்கக் கூடாது."

சர்க்கரைக்காரக் கால். சுட்டால் அவளுக்குத் தெரியாது. அது எனக்குத்தான் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

முப்பது வருடம் சட்டி எடுக்கும் இந்த நாளில் தேரடிக்கு எதிரே மாடியில் நின்றிருக்கிறேன். 'பக்திப் பரவசத்துடன்' என்று எழுதியிருக்கிறேன். மேலே இருந்து பார்த்தால் மஞ்சள் நிறமும் புகையும்தான் தெரியும். தார் எப்படிக் கொதிக்கும் என்பது தெரியாது.

குடத்தைத் தோளில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தேன். ஊற்றுவேன், அவள் அடி வைப்பாள். ஆங்காங்கே அண்டாவில் நிரப்பிக் கொடுத்தார்கள். வேப்பிலைக்குள் சட்டி கனன்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஜார் திரும்பும் இடத்தில் கூட்டம் என்னை ஒருபக்கம் தள்ளிவிட்டது. குடம் காலி. நிரப்பிக்கொண்டு வருவதற்குள் அவள் காய்ந்த தாரில் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சட்டியோடு நிற்கக் கூடாது. நிற்கவில்லை.

அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வீட்டில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது பாதத்தில் பெரிய கொப்புளம். "வலிக்குதா?" என்றேன்.

"இல்லையே" என்றாள். அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. சர்க்கரை ஆறவிடவில்லை. காலையும் மாலையும் நான்தான் கட்டு மாற்றுகிறேன். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி ஓரத்திலிருந்து துடைத்து வர வேண்டும். அவள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நான் எழுதிய செய்தியில் பிழை சொல்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?

நவநீதனிடம் போனில், "பீரு எப்படிடா இருந்துச்சு, உங்கப்பாவுக்கு?" என்று கேட்டாள். அவன் போனைப் பிரவீணாவிடம் கொடுத்துவிட்டான்.

ஏப்ரல் 30, வியாழன்

ஜமால் விசாரிக்க வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்று, "மதினி, அன்னைக்கி ஆக்குனது நாந்தான்" என்றான். "அடுப்புக்கு என்னப்பா தெரியும், திங்குறவுகளுக்குல்ல தெரியணும்" என்று சொல்லிக் காப்பி கொடுத்தாள்.

மே 17, ஞாயிறு

புண் ஓரங்களில் தோல் கூடிவிட்டது. டாக்டர் செருப்பு போட்டு நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பிரவீணாவுக்கு ஒன்பதாம் மாதம். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்த வாரம் நாங்கள் பெங்களூர் போகிறோம்.

மாலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து, வீரசோழனுக்கு வண்டியை எடுங்கள் என்றாள்.  

ஷர்மிளா பானு அவளுக்கு மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட்டாள். ஜமால் இரண்டு உருண்டை எடுத்துக் கல் பக்கம் போனான்.

"ஒண்ணு போதும் தம்பி. அவுகளுக்கு வேண்டாம்."

ஜமால் என்னைப் பார்த்தான்.

"பிள்ள பெறக்குற வரைக்கும் அவுகளுக்குக் கெடையாது" என்றாள். இந்த முடிவை நானும் அங்கேதான் முதலில் கேட்டேன்.

பர்கரை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமில்லாமல், கடைசிவரை தின்றாள். பிரைஸை ஒவ்வொன்றாக எடுத்தாள். கம்பு பீரில் நுரை மேலுதட்டில் ஒட்டியது. வெங்காயத்தை இன்னும் பொடிசாக அரிய வேண்டும் என்று ஷர்மிளாவிடம் சொன்னாள். நான் தண்ணீர் குடித்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு போடச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு நொடி எனக்கென்று நினைத்துவிட்டேன்.

"பார்சல். சுகந்திக்கு."

திரும்பி வரும்போது பார்சலை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். திருச்சுழி தாண்டும்வரை அதன் வாசனை என் முதுகுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மேடு பள்ளம் வந்த இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.