இன்ஸ்பெக்டர் உட்காராத நாற்காலி

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

காலேஜ் படிப்புக்கு சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் எனக்குக் கிடையாது என்று இன்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "வீட்டில் நாற்காலி, வெள்ளி டம்ளர். தகப்பனார் சரிகை அங்கவஸ்திரம் போட்டிருந்தார். வசதியான குடும்பம்."

போன மாதம் எங்கள் நிலைமையை விசாரிக்க ரெவினியூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். நைனா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவர். வாசலுக்கு முதல்முதலாக ஒரு ஆபீசர் வருகிறாரே என்று நாற்காலி, டம்ளர் எல்லாம் டேனரி மேஸ்திரி வீட்டில் இரவல் வாங்கினார். அங்கவஸ்திரமும் மேஸ்திரியுடையதுதான். சுண்ணாம்பு அரித்த கைகளை அதற்குள் மறைத்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் உட்காரவும் இல்லை, காப்பியைத் தொடவும் இல்லை.

அந்த நாற்காலியைத் தூக்கி வந்தவன் நான்தான். படித்தவன். வேண்டாம் நைனா என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

சாயங்காலம் நைனா வேலை விட்டு வந்ததும், "இன்னாடா ஆச்சு?" என்றார்.

"மார்க் பத்தலையாம்" என்றேன்.

கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம், "நாம மரியாதையில ஒரு கொறையும் வெக்கல. நீதான் இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கணும்" என்றார்.

ஆமாம் என்றேன்.

காலையில் மேஸ்திரி வீட்டுக்குப் போக வேண்டும். அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதன் முன்னால் நின்று குழி வேலை கேட்க வேண்டும்.