இடது காதில் கேட்ட குரல்

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் அக்காவும் நலம். உங்கள் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? என்ஜின் அறையில் கனமான சாமான்களை ஒற்றைக் கையால் தூக்க வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இப்போது எழுதப்போவதை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது சொல்ல முடியாது. போன் கூடத்தில் ஸ்பீக்கரில் இருக்கும், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கப்பல் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதனால் அக்காவின் வேலை போகலாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கப்பலேறிய மாதம், வீட்டிலேயே ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தேன் அல்லவா, 'கை கழுவிய பிறகு' என்று? அன்றைய வேலையை முடித்துவிட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, அந்த வேலையைப் பற்றியே அரை மணி நேரம் பேசவைப்பேன். லிஃப்ட் மெக்கானிக், ஆம்புலன்ஸ் டிரைவர், பல் செட் செய்கிறவர் என்று பதினொரு பேர் பேசிவிட்டார்கள். நம் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவரில் மெத்தையைச் சாய்த்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். ஃபிரிட்ஜின் இரைச்சலும் மைக்கில் விழுகிறது என்று அதையும் நிறுத்துவேன். மறுபடி போட மறந்து இரண்டு தடவை பால் கெட்டுப்போனது. அதிலிருந்து, வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறேன். வெளியே போக வேண்டுமென்றால் ஃபிரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும், அப்போது ஞாபகம் வந்துவிடும். "சாவிக்கு ஜலதோஷம் பிடிக்கிற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று அக்கா கேலி செய்வார்.

பன்னிரண்டாவது ஆளாகப் பேசியவர் அக்காதான். நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்து கேட்டார்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் வாரந்தோறும் ஊரின் பன்னிரண்டு இடங்களிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து சோதிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு மாதமாகப் பன்னிரண்டு பாட்டிலும் ஆய்வுக்கூடத்தின் பின்வாசல் குழாயிலேயே நிரப்பப்படுகின்றன. வண்டி பழுதாகி நின்றபோது, "வண்டி வர்ற வரைக்கும் சமாளிங்க" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். வண்டி வரவில்லை, சமாளிப்பு நிலைத்துவிட்டது. அக்கா இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். "மேல அனுப்பியாச்சும்மா" என்று பதில் வந்தது. மேலே என்றால் அவருடைய அலமாரியின் மேலே என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கடிதமும் அங்கேயே தூசி படிந்து கிடந்தனவாம்.

இதற்குள் ஆற்றோரத் தெருக்களில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரே மாதத்தில் பதினேழு பிள்ளைகளை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். சோதனைத் தாளில் மட்டும் அந்தத் தெருத் தண்ணீர் சுத்தம். "அந்தத் தாள்ல இருக்கறது என் கையெழுத்து. யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது" என்றார் அக்கா. குரலை மாற்றிவிடலாம், ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்று சொன்னது நான். அது என் பொறுப்பு என்றும் சொன்னேன்.

எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ஆளுக்கொரு மைக். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்க வேண்டும் என்று என் மைக்கை இடது காதுக்கும் அவருடையதை வலது காதுக்கும் வைத்தேன். அவருடைய பதிவில் குரலை ஆண் குரல்போலத் தாழ்த்தினேன். ஹெட்போனில் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன், அவருடைய பதிவை மட்டும். என் குரலை நானே கேட்டால் எனக்கு உடம்பு கூசும். அதனால் பதினொரு பகுதிகளிலும் என் பதிவை ஹெட்போனில் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து, சமையலறையில் போனின் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓடவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வெளியிட்டேன்.

நேற்று ஒரு செய்தி வந்தது. யாரென்று தெரியவில்லை, முன்பு அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவராம். "ஹெட்போன் போட்டு இடது காதில் மட்டும் கேளுங்கள். அவருடைய நிஜக் குரல் சன்னமாகக் கேட்கிறது. எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள்."

கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் பேசியது என் மைக்கிலும் விழுந்திருக்கிறது. அதை நான் மாற்றவே இல்லை. வலது காதில் யாரோ ஒரு ஆண் கரகரவென்று பேசுகிறார். இடது காதில், அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல, நம் அக்கா.

உடனே எடுத்துவிட்டேன். அதற்குள் நானூற்றுப் பதினெட்டு பேர் தங்கள் போன்களில் இறக்கிவிட்டிருந்தார்கள். அவற்றை நான் எப்படி எடுப்பது? பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டவர் அக்கா. வெளியே தெரிந்தால் முதலில் மாட்டுவதும் அவர்தான். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்லத் தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களவள்


சனிக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மூன்று வரிப் பதில் வியாழக்கிழமை வந்தது. "அக்காவிடம் சொல்லாதே. யாரிடமும் பேசாதே. தானாக அடங்கிவிடும்." நீங்கள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். ஆனால் அது வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். ஹெட்போனை வாங்கி, வலது காதை விலக்கி, இடது காதில் மட்டும் வைத்துக் கேட்டார். அசையவில்லை. கடைசியில், "என் குரல் இவ்வளவு கீச்சுன்னா இருக்கு?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். "அழுது என்ன ஆகப்போகுது? வந்தா பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனார். ஒரே துண்டை மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடித்ததைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை மேலாளர் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்திருக்கிறார். யாரோ அவருக்கு அந்தப் பதிவை அனுப்பிவிட்டார்கள். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டாராம். பதினான்கு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். அக்கா தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து, கேட்டது ஆண் குரல் மட்டும்தான். ஐந்தாவது நிமிடத்தில் யாரோ, "அட, இது நம்ம பாட்டில் அண்ணன் மாதிரியே இருக்கே" என்று சிரித்திருக்கிறார்கள்.

பாட்டில் அண்ணனை உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்து டிரைவர். வண்டி நின்ற பிறகு பின்வாசல் குழாயில் பாட்டில் நிரப்புவது அவர் வேலையாகிவிட்டது. மேலாளரையும் அக்காவையும் தவிர முழு விவரமும் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். நான் தாழ்த்திய குரல் அப்படியே அவருடைய குரலாகப் போய்விட்டது. எனக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் குரலை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவர் மறுத்திருக்கிறார். "அப்போ பேய் பேசுச்சா?" என்று கேட்டுவிட்டு, மேலாளர் அங்கேயே அவரை இடைநீக்கம் செய்துவிட்டார். விசாரணை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அலுவலக ரகசியத்தை வெளியிட்டது, அவதூறு பரப்பியது, இன்னும் என்னென்னவோ எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் வாயைத் திறக்கலை. பக்கத்துலதான் நின்னேன். திறக்கலை" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை மாலை, உங்கள் பதிலைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் பாட்டில் அண்ணன். குரலைக் கேட்டதும், என் கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து வந்து நிற்பதுபோல இருந்தது. அக்கா பின்னறையில் இருந்தார். இவர் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றே பேசினார்.

"தங்கச்சி, பயப்படாதீங்க. என் பொண்ணு காதுல மாட்டிக் கேட்டுட்டு, அப்பா, இடது பக்கம் ஒரு அம்மா பேசறாங்கன்னா. நானும் கேட்டேன். இருபது வருஷமா கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா?"

அவரே தொடர்ந்தார்.

"திங்கக்கிழமை அங்க ஒரு ஹெட்போனைக் கொண்டுபோய் வச்சா ரெண்டு நிமிஷத்துல நான் வெளிய வந்துடுவேன். வைக்கமாட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் பிடிச்ச பாட்டில்தானே அத்தனையும்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், எங்க போனாலும் ஓட்டிப் பிழைச்சுக்குவேன். அவங்களுக்குப் பதினாலு மாசம்தான் பாக்கி. கெடுத்துடாதீங்க."

பின்னால் பார்த்தால் அக்கா நிற்கிறார். கதவிடுக்கில் திணிக்கும் போர்வை அவர் கையில் இருந்தது. முழுவதும் கேட்டுவிட்டார்.

"அண்ணே, என் பழியைத் தூக்கிச் சுமக்க உங்களுக்கு யார் கூலி கொடுத்தா?" என்றார். குரல் அதட்டலாகத்தான் வந்தது. "உங்க பொண்ணு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அது சின்னப் பொண்ணு, அதை விடுங்க."

"விடமுடியாது. திங்கக்கிழமை நான் வர்றேன். நீங்க வாயை மூடிட்டு உட்காருங்க, போதும்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் சொன்னாத்தான் இவங்க கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

இன்று காலை பின்னறையில் மறுபடி பதிவு செய்தோம். இந்தமுறை குரலை மாற்றவில்லை. தன் பெயரையும் பதவியையும் எத்தனை வருட வேலை என்பதையும் சொல்லி ஆரம்பித்தார். எந்தத் தேதியில் எந்தத் தெருவின் பெயரை எந்தப் பாட்டிலில் ஒட்டினார்கள் என்று குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தார். "இந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டவள் நான். போட்டிருக்கக் கூடாது" என்று முடித்தார். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அந்த இடத்தை வெட்ட வேண்டாம் என்றும் சொன்னார். கடைசியில் நானும் என் பெயரைச் சொல்லி, முந்தைய பதிவில் குரலை மாற்றியது நான்தான், பாட்டில் அண்ணனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று பேசினேன். இரண்டு மைக்குகளின் பதிவையும் முழுவதும் ஹெட்போனில் கேட்டேன், என் குரல் உட்பட.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து போகிறோம். அக்கா விசாரணை அறைக்குள் நுழையும்போது, நான் வெளியே வராந்தாவில் நின்று இதை வெளியிடுவேன். அதன்பிறகு வேலையிலிருந்து நீக்குவார்களா, வழக்குப் போடுவார்களா, ஒன்றும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வக்கீலைக்கூடத் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக்கின் மைத்துனர் வக்கீலாம். நாளை காலை அவரைப் பார்க்கப் போகிறேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டில் அண்ணன் சொன்னது சரிதான். உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தன் படிப்பை விட்டவர் அக்கா. ஊரே சொன்னாலும் அசையமாட்டார், தம்பி ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் நின்றுவிடுவார். அதனால்தான் வியாழக்கிழமையிலிருந்து உங்களுக்குத் தகவல் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் மீறி எழுதுகிறேன். நாளை நீங்கள் ஒன்றும் தெரியாமல் வழக்கம்போலப் பேசினால், அவர் தம்பியிடம் மறைத்துவிட்ட பாரத்தோடு அந்த அறைக்குள் போவார். அது வேண்டாம்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லத் துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். கோபம் இருந்தால் அத்தனையும் எனக்கு எழுதுங்கள், ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

கப்பலில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான் என்று தெரியும். நாளை ஸ்பீக்கர் வேண்டாம். மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன், அவரையே எடுக்கச் சொல்வேன். எனக்கென்று ஒரு நிமிடமும் மிச்சம் வைக்க வேண்டாம். பத்தையும் அவருக்கே கொடுங்கள்.

கடல் அமைதியாக இருக்கட்டும். நீங்கள் நல்லபடியாகக் கரை சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களவள்