பாலத்துச் சுவரும் மஞ்சள் துண்டும்

பாலத்தின் மேலே லாரி ஓட்டும் வீட்டுக்காரருக்கு, பாலத்தின் கீழே மதகுக் கதவு தள்ளும் வீட்டுக்காரி எழுதுவது. நானும் சின்னவளும் நலம். நீங்கள் நலம் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. அதனால்தான் பேனா பிடிக்கக் கைக்குத் தெம்பு வந்திருக்கிறது.

கடிதத்தைக் கொண்டு வருகிறவர் உங்கள் கூட்டாளி மீசைக்காரர். அவர் எதிரில் படிக்காதீர்கள், ஊர் முழுக்க ஒலிபரப்பிவிடுவார்.

போன தடவை கிளம்பும்போது நாம் போட்ட சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். லாரி ஷெட் இருக்கும் நகரத்துக்கே குடிபோகலாம் என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். 'இந்தப் பழைய கதவைத் தள்ளிக்கிட்டே கிழவி ஆகப்போறியா?' என்று வேறு கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. 'போறதுன்னா போங்க, கதவைத் திறந்து விடறதுதானே என் வேலை' என்று நானும் வாயை விட்டேன். நீங்கள் சாப்பிடாமலே போய்விட்டீர்கள்.

கோபம் இருந்தாலும் ஹாரன் வரும் என்று நம்பியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஹாரன் அடிக்காமல் இந்தக் கால்வாயைத் தாண்டியதே இல்லை. இரண்டு நீளம், ஒரு குட்டை. அதைக் கேட்டதும் நான் மதகுக் கதவின் மேல் நின்று மஞ்சள் துண்டை ஆட்டுவேன். பழைய கால்வாயைப் பார்க்கப் படகில் வரும் சுற்றுலாக்காரர்கள், தங்களுக்குத்தான் ஆட்டுகிறேன் என்று நினைத்துக் கை காட்டுவார்கள்.

இந்தத் தடவையும் நீங்கள் பாலத்தைத் தாண்டும் செவ்வாயும் வெள்ளியும் போய் நின்று பார்த்தேன். ஹாரனே இல்லை. கீழேயிருந்து பார்த்தால் எல்லா லாரியும் ஒரே மாதிரிதான், எது உங்களுடையது என்று எப்படித் தெரியும்? 'அப்பா ஏம்மா கூப்பிடல?' என்று சின்னவள் கேட்டாள். ஹாரன் ரிப்பேர் என்று சமாளித்தேன். மனுஷன் நம்மைக் கைகழுவிவிட்டார் என்றே மனதுக்குள் நினைத்தேன். போன் செய்ய ரோஷம் விடவில்லை.

நேற்று டீக்கடைக்காரர், பாலத்துக்கு அப்பால் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்றார். ரோஷம் போன இடம் தெரியவில்லை. உங்கள் போன் அணைந்து கிடந்தது. ஷெட்டில் யாரும் எடுக்கவில்லை. அப்போது மேல் கால்வாய்க்கு ஏற வேண்டிய ஒரு படகு மதகுத் தொட்டிக்குள் நின்றிருந்தது. தண்ணீர் நிரம்பிப் படகு மேலே வந்த பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை. படகுக்காரர் கத்திய பிறகுதான் நினைவே வந்தது.

இன்று காலை மீசைக்காரர் தன் லாரியில் வந்து இறங்கினார். அவரைக் கண்டதும் 'அவருக்கு என்ன ஆச்சு?' என்று கத்தினேன். அவரோ சிரிக்கிறார்! கவிழ்ந்தது வேறு லாரி, அந்த டிரைவரும் சிராய்ப்போடு தப்பிவிட்டாராம். உங்கள் போன் உங்கள் சக்கரத்தடியிலேயே நசுங்கிப் போனதாம். நீங்களோ ஒவ்வொரு தடவையும் ஹாரனை அலறவிட்டுவிட்டு, 'மதகு மேல கல்லு மாதிரி நிக்கிறா, துண்டை அசைக்க மாட்டேங்கிறா. நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது?' என்று புலம்பிக்கொண்டு ஷெட்டிலேயே படுத்துக் கிடக்கிறீர்களாம்.

அட என் புத்திசாலியே! நீங்கள் கிளம்பிய பிறகு பாலத்து ஓரம் நெடுக, சத்தத்தைத் தடுக்கக் கண்ணாடி மாதிரித் தகட்டைச் சுவராக நிறுத்தினார்களே, பார்க்கவில்லையா? அதன் வழியாக உங்களுக்கு நான் தெரிகிறேன். எனக்குத்தான் உங்கள் சத்தம் வருவதில்லை. பாலத்து இரைச்சல் குறைந்தது எனக்கும் தெரிந்தது, நன்றாகத் தூங்கவும் தூங்கினேன். அதோடு உங்கள் ஹாரனும் சேர்ந்து போயிருக்கும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. அந்தச் சுவர் வேண்டும் என்று மனு எழுதியது யார்? 'வீட்டுக்கு வந்தா தூங்க முடியல' என்று நீங்கள்தான் எழுதினீர்கள். படகுக்காரர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கியது நான்.

சந்தேகம் தீர மீசைக்காரரை மேலே அனுப்பி ஹாரன் அடிக்கச் சொன்னேன். எனக்கு மதகுத் தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அப்படியே கல்படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. சுற்றி வந்த மீசைக்காரர் பயந்தே போய்விட்டார். இப்போது டீ குடித்தபடி, கடிதம் முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீடு மாறுவதைப் பற்றி நேரில் பேசுவோம். சண்டை போட்டுக்கொண்டேகூடப் பேசலாம். எனக்கு இந்த வேலையும் வேண்டும், நீங்களும் வேண்டும். இரண்டுக்கும் வழி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி ஹாரன் வேண்டாம். அடுத்த தடவை பாலத்தில் ஏறாமல், அதற்கு முன்னால் கால்வாய்ப் பக்கம் பிரியும் சாலையில் இறங்கிவிடுங்கள். அவசரம் வேண்டாம், பத்திரமாக ஓட்டி வாருங்கள். கதவைத் திறந்து விடுவதுதான் என் வேலை என்று சொன்னேன் இல்லையா? திறந்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
துண்டும் கையுமாக நிற்கும்
உங்கள் வீட்டுக்காரி