இடப்பக்கச் சிரை

மார்ச் 4
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், இன்று காபி டம்ளரைத் தூக்க முடியாமல் திருதிருவென முழித்தார். கேட்டதற்கெல்லாம் வாயை மட்டும் அசைத்தார். நான் செருப்பைத் தேடுவதற்குள் பேச்சு வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல, கை மரத்துப்போச்சு." ஒன்றுமில்லையாம். விடுவேனா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மார்ச் 6
மூளைக்குப் போகும் இடப்பக்க ரத்தக்குழாய் சுருங்கிவிட்டதாம். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். வலது பாதியில் சிரைகள் பளிச்சென்று இருந்தன. இடது பாதியில் இழை இழையாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி.

"சிரைங்கறது ரத்தம் திரும்பி வர்ற வழிம்மா. உள்ள ஒழுங்கா போனாத்தான வெளிய வரும்?"

பிரஷர் கண்டபடி ஏறவும் கூடாது, ரொம்ப இறங்கவும் கூடாது என்றார். தள்ளுகிற வேகம் குறைந்தால் இடது பக்கம் ரத்தமே எட்டாதாம். நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன். இவர் அங்கேயே கொட்டாவி விட்டார்.

மார்ச் 15
நாத்தனார் வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாகத் தம்பி கையில் பிரஷர் மெஷினைக் கட்டினார். நூற்றைம்பது.

"அவன் உசிரோட விளையாடுறியா? மாத்திரை போட்டு எனக்கெல்லாம் நூத்திப்பத்துதான்." அதில் பெருமை வேறு. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எந்த டாக்டராவது பிரஷர் இருக்கட்டும்னு சொல்லுவாளா?"

பாசம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 22
கம்பெனி டாக்டர் சரியென்றால்தான் மறுபடி கிரேனில் ஏறலாம். பிரஷர் அதிகமிருந்தால் கிடங்கு வேலை.

"கீழ நின்னு மூட்டைக்குக் காவல் இருக்கணுமா நான்? மேல ஏறிட்டா எந்த மேனேஜர் சத்தமும் காதுல விழாது, தெரியுமா?"

"வீட்டு மேனேஜர் சத்தம்?"

"அது கடலுக்கு நடுவுலயும் கேக்கும்." ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தோம்.

மார்ச் 30
நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

கம்பெனி டாக்டர் 'தகுதி' என்று சொல்லிவிட்டார். பிரஷர் நூற்றுக்கும் கீழே. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். எப்படி இவ்வளவு இறங்கியது என்று கேட்டேன்.

"அக்காவோட பிரஷர் மாத்திரை. கேட்டேன், குடுத்துச்சு. நேத்தும் போட்டேன், இன்னிக்கு ரெண்டு."

டாக்டரம்மாகிட்ட போலாம், இப்பவே போலாம்னு கத்தறேன் — பஸ் வந்துடுச்சுன்னு எழுந்தார். எழுந்தவர் அப்படியே சரிஞ்சார். என் மேலயே. பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2
கண் திறக்கவில்லை. நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9
கண் திறந்தார். வலது கை அசையவில்லை. பேச்சுக்கான இடமும் இடப்பக்கம்தான் என்கிறார் டாக்டரம்மா. எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். மறுபடி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தார்.

ஜூன் 11
ஒரே ஒரு வார்த்தை வருகிறது. "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றாலும் சரி. வேண்டாம் என்பதற்கும் அதுதான். முகத்தைப் பார்த்து நானாகப் புரிந்துகொள்கிறேன்.

இன்று நாத்தனார் போன் செய்தார். இவர் காதில் வைத்தேன். அழுகை எனக்கே கேட்டது.

"என்மேல கோவமா தம்பி?"

"சரி" என்றார். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. இவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

போனை வாங்கி, "கோவமெல்லாம் இல்லையாம் அண்ணி" என்றேன்.